கடைசி நூறு மீட்டர்: இரண்டு ஃபைபர் போட்டுகள், ஓர் ஒப்பீடு

எங்கள் வீட்டுப் போட்டின் அடிப்பாகம் மணலில் தேய்ந்துவிட்டது. இனி எத்தனை முறை ஃபைபர் பாய் ஒட்டி ரெசின் பூசினாலும் தாங்காது என்ற நிலையில் புதுசு வாங்கும் பேச்சு எழுந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேட்டிலும் வடக்கே தேவனேரியிலும் சொந்தக்காரர்களின் போட்டுகள் இருக்கின்றன. கொக்கிலமேட்டுப் போட்டில் நீளத் தண்டின் நுனியில் விசிறி சுழலும் லாங்டெயில் டீசல் எஞ்சின், தேவனேரிப் போட்டில் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு. வாரக்கணக்கில் இரண்டிலும் மாறி மாறித் தொழிலுக்குப் போய்வந்தேன். நீளம், அகலம், எத்தனை வலை ஏற்றலாம் என்பதெல்லாம் குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நான் எழுத வந்தது கரைக்கு முந்தைய நூறு மீட்டரைப் பற்றி.

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை நமக்கு மீன்பிடித் துறைமுகம் கிடையாது. காசிமேட்டில் அலைதடுப்புச் சுவருக்குள் நுழைந்துவிட்டால் தண்ணீர் அடங்கிவிடும். இங்கே அலை நேராக மணலில் வந்து உடைகிறது. கோவளத்துக்கு அலைச்சறுக்குக்காரர்கள் தேடி வருவதே இந்த அலைக்காகத்தான். அவர்களுக்கு விளையாட்டாக இருப்பது, வலையும் மீனும் நான்கு ஆட்களும் உள்ள போட்டுக்கு உயிர்ப் பிரச்சினை.

ஆழத்தில் அவுட்போர்டை மிஞ்ச ஆள் இல்லை. கயிற்றை இழுத்தவுடன் பிடித்துக்கொள்கிறது. ஒரு கையால் திருப்பலாம். பின்னால் போகும் கியர் இருப்பதால் வலை எடுக்கும்போது போட்டை நினைத்த இடத்தில் நிறுத்தலாம். லாங்டெயிலில் அந்தச் சுகம் எதுவும் இல்லை. அதன் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சு கேட்காது, அதிர்வு பல் வரைக்கும் ஏறும். கரைக்கு வந்து வெகுநேரம் ஆகியும் காதுக்குள் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். ஆழத்தில் மட்டும் பார்த்து முடிவெடுப்பதாக இருந்தால் அன்றைக்கே அவுட்போர்டுக்கு முன்பணம் கொடுத்திருப்பேன்.

ஆனால் ஒவ்வொரு நாளும் கரைக்குத் திரும்ப வேண்டுமே. பெரிய அலைகள் வரிசையாக வந்து உடையும், அப்புறம் கொஞ்சம் அடங்கும். அந்த இடைவெளிக்காக வெளியே காத்திருப்போம். “இது போகட்டும் மாமா... இதுவும் போகட்டும்... இப்போ விடு!” என்று போட்டின் முன்முனையான அணியத்தில் நிற்பவன் கத்துவான். அந்த நொடியிலிருந்து அணியம் மணலைத் தொடும்வரை எஞ்சின் இழுவை குறையக் கூடாது. குறைந்தால் பின்னால் வரும் அலை போட்டைக் குறுக்கே திருப்பும். அடுத்த அலை கவிழ்த்துவிடும்.

அவுட்போர்டின் கால் தண்ணீருக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. தண்டு நீளம் வழக்கமாக 15 அங்குலம் அல்லது 20 அங்குலம். அலை பின்வாங்கும்போது அந்தக் கால் தரையில் மோதும். மோதாமல் இருக்க, கரைக்குக் கொஞ்சம் முன்பே மோட்டாரை நிறுத்தித் தூக்கியாக வேண்டும். இழுவை மிகத் தேவைப்படும் அந்தச் சில நொடிகளில் போட்டுக்கு இழுவையே இல்லை. லாங்டெயிலில் ஓட்டுபவர் கைப்பிடியை அழுத்தினால் விசிறி மேலே எழும்பும், விட்டால் இறங்கும். முழங்கால் தண்ணீரிலும் விசிறியை மேல்மட்டத்தில் வைத்து ஓட்டிக்கொண்டே வரலாம். கொக்கிலமேட்டுப் போட்டு மணலில் ஏறும் வரைக்கும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது தொல்லை மணல். அவுட்போர்டு கடல்நீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கரையோரக் கலங்கல் நீரோடு மணலும் உள்ளே போய் பம்பின் இறக்கையைத் தேய்க்கிறது, துளையை அடைக்கிறது. தினமும் நல்ல தண்ணீர் விட்டு அலசச் சொல்கிறது கையேடு. குடிக்கவே குடம் தூக்கும் குப்பத்தில் மோட்டாருக்குத் தினம் ஒரு தொட்டித் தண்ணீர் எங்கிருந்து வரும்? லாங்டெயிலில் பூட்டும் கிரீவ்ஸ் போன்ற டீசல் எஞ்சின்கள் காற்றிலேயே குளிர்கின்றன. அவற்றின் மேல் எனக்குள்ள பிரியத்தை மறைக்க மாட்டேன். மோட்டார் போட்டுகளுக்கு ஆண்டுக்கு 4,400 லிட்டர் வரிவிலக்கு டீசல் கிடைப்பதும் கணக்கில் சேரும்.

இந்தச் சிக்கல் இன்று வந்ததல்ல. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், மணற்கரையில் ஏறும் போட்டுகளை உருவாக்கியபோது, எஞ்சினையும் விசிறியையும் சேர்த்து மேலே தூக்கும் அமைப்பைத்தான் தேடியது. இந்தக் கரையில் வேகத்தை விடத் தூக்குவதே முக்கியம் என்பது அவர்களுக்கும் புரிந்திருந்தது.

லாங்டெயிலில் எனக்குக் கோபம் வருவது அந்தத் தண்டின் மேல்தான். சுழலும் விசிறிக்கு மறைப்பே இல்லாமல் விற்கிறார்கள். போட்டைப் பிடிக்கப் பையன்கள் தண்ணீரில் இறங்கி நிற்கும் நேரத்தில்தான் அது காலுயரத்தில் சுழல்கிறது. ஒரு வளைய மறைப்பு வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? வாங்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் வெல்டிங் பட்டறையில் செய்து மாட்டாமல் கடலில் இறக்காதீர்கள்.

எஞ்சின் எதுவானாலும் போட்டின் உடலைப் பாருங்கள். கட்டுமரத்தில் ஏறிய தண்ணீர் மர இடுக்கு வழியே தானாக வடிந்துவிடும். ஃபைபர் போட்டில் அது உள்ளேயே தங்கும். அப்போது மிதக்க வைப்பது அறைகளுக்குள் அடைத்த தெர்மாகோல்தான். 2004 சுனாமிக்குப் பின் அவசரமாகக் கட்டிக் கொடுத்த போட்டுகளில் பலவும் தரத்தில் தேறவில்லை. அதனால் அறை மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பக்கச் சுவரைக் கட்டையால் தட்டிக்கொண்டே நடங்கள். பொத்தென்று சத்தம் மாறும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கலாம். எஞ்சின் நின்றால் பாய் கட்டித் திரும்ப, பாய்மரம் நிறுத்தும் குழியும் இருக்கட்டும்.

என் தீர்ப்பு: முதலியார்குப்பம் போல உப்பங்கழியில் போட்டைக் கட்டி நிறுத்துபவர்களும் துறைமுகத்துக்குள் நிறுத்துபவர்களும் அவுட்போர்டு வாங்கலாம், அவர்களுக்கு அதுவே சிறந்தது. திறந்த மணலில் ஏற்றும் நமக்கு மறைப்பு போட்ட லாங்டெயில். நாங்கள் அதைத்தான் வாங்கப்போகிறோம். எதை வாங்கினாலும், வாடைக் காற்று அடித்து அலை உயர்ந்திருக்கும் ஒரு நாளில் அதே எஞ்சின் பூட்டிய போட்டில் ஏறி, ஒருமுறை கரைக்கு வந்து பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.