சேர்ந்து சாப்பிட்ட குற்றம்

ரேமண்ட் ஃப்ரான்ஸைச் சபையிலிருந்து நீக்கியது ஒரு சாப்பாட்டுக்காக. 1981ஆம் வருடம், அமெரிக்காவின் அலபாமா மாநிலம். அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. தனக்கு வேலையும் குடியிருக்க இடமும் கொடுத்த நண்பரோடு ஓர் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த நண்பர் அதே வருடம் யெகோவாவின் சாட்சிகள் அமைப்பிலிருந்து தானாக விலகியவர். புகார் போனது. மூப்பர்கள் கூடி விசாரித்தார்கள். மேல்முறையீடும் நடந்தது. வாழ்நாளில் பெரும்பகுதியை முழுநேர ஊழியத்தில் கழித்தவர், வருடம் முடியும்போது வெளியே நின்றார்.

“அட, இதுக்கா?” என்றுதான் முதல் வாசிப்பில் எனக்குத் தோன்றியது. பிறகு யோசித்தால், இது நமக்குத் தெரியாத கதையில்லை. ஊர் விலக்கு வைக்கும்போது முதலில் சொல்வதே “அன்னந்தண்ணி புழங்கக் கூடாது” என்பதுதானே? யார் யாரோடு சாப்பிடலாம் என்று சொல்ல முடிகிறவர் கையில்தான் ஊர் இருக்கிறது.

ஃப்ரான்ஸ் சாதாரண உறுப்பினர் அல்ல. 1971லிருந்து 1980 வரை அந்த அமைப்பின் ஆளும் குழுவில் இருந்தவர். உலகம் முழுக்க உள்ள சாட்சிகள் எதை நம்ப வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று முடிவெடுக்கும் சிறு குழு அது. 1977லிருந்து அமைப்பின் தலைவராக இருந்த ஃப்ரெடரிக் ஃப்ரான்ஸ் அவருடைய அப்பாவின் சகோதரர். 1980இல் தலைமையகத்தில் வேதத்தைத் தனியாக வாசித்து, மாறுபட்டுப் பேசிய சிலர்மீது விசாரணை நடந்தது. நெருங்கிய நண்பர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஃப்ரான்ஸும் விசாரிக்கப்பட்டார், பதவியை விட்டார். 1983இல் ‘க்ரைசிஸ் ஆஃப் கான்ஷியன்ஸ்’ புத்தகத்தை வெளியிட்டார். மனசாட்சியின் நெருக்கடி என்று தமிழில் சொல்லலாம்.

உள்ளே இருந்து வந்தவர் எழுதியது என்றதும் நாம் ஒரு மாதிரியான புத்தகத்தை எதிர்பார்ப்போம். ரகசியங்கள், ஆத்திரம், கண்ணீர். இதில் அதெல்லாம் குறைவு. கூட்டக் குறிப்பு, கடிதம், பழைய காவற்கோபுரம் இதழின் பத்தி, மறுபடியும் கடிதம். பல இடங்களில் ஆபீஸ் கோப்பைப் புரட்டுகிற மாதிரியே இருக்கும். எனக்கே நடுவில் அலுத்துப்போய் மூடி வைத்தேன். திரும்ப எடுத்தபோதுதான் இந்த வறட்சியின் காரணம் பிடிபட்டது. அமைப்பை விட்டுப் போனவர் சொல்வதை உள்ளே இருப்பவர்கள் கேட்கவே கூடாது என்ற இடத்தில், உணர்ச்சியோடு பேசினால் “கசப்பில் பேசுறான்” என்று ஒதுக்கிவிடலாம். காகிதத்தை அப்படி ஒதுக்க முடியாது. தன் குரலை அடக்கிக்கொண்டு அமைப்பின் கடிதங்களையே பேச வைக்கிறார்.

புத்தகத்தின் இதயம் என்று நான் நினைப்பது இரண்டு நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் பகுதி. 1960களில் மலாவி ஒரே கட்சி ஆளும் நாடானது. ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் மலாவி காங்கிரஸ் கட்சி அட்டையை எல்லாரும் வாங்க வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. விலை என்னவோ சில்லறைக் காசுதான். அதை வாங்குவது அரசியலில் கலப்பது என்பது அமைப்பின் நிலைப்பாடு. சாட்சிகள் வாங்கவில்லை. 1967இல் அமைப்புக்குத் தடை வந்தது. அடுத்தடுத்த வருடங்களில் வீடுகள் எரிக்கப்பட்டன, பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள், கொலைகள் நடந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் சாம்பியாவுக்கும் மொசாம்பிக்குக்கும் ஓடினார்கள்.

அதே காலத்தில் மெக்சிகோவில் இளைஞர்களுக்கு ராணுவப் பயிற்சி கட்டாயம். பயிற்சி முடித்ததற்கு ஓர் அட்டை உண்டு. அங்கிருந்த சாட்சிகள் அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்து, பயிற்சிக்குப் போகாமலே அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இது சரியா என்று மெக்சிகோ கிளை தலைமையகத்தைக் கேட்டது. அது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது என்று பதில் வந்தது. அந்தக் கடிதங்களை ஃப்ரான்ஸ் அப்படியே எடுத்து வைக்கிறார்.

இதைப் படித்துவிட்டு மெக்சிகோக்காரர்கள்மீது கோபப்படுவது எளிது. எனக்குக் கோபம் அங்கே வரவில்லை. லஞ்சத்தை நியாயப்படுத்தவில்லை, ஆனால் ஓர் இளைஞனிடம் “நீயே முடிவு செய், உன்னை நாங்கள் தள்ளிவைக்க மாட்டோம்” என்று சொன்னது மனிதத்தன்மையான காரியம். கொடுமை என்னவென்றால், அதே வாக்கியம் மலாவிக்குப் போய்ச் சேரவில்லை. ‘மனசாட்சி’ என்ற சொல் தலைமையகத்தில் கையிருப்பில் இருந்திருக்கிறது. யாருக்கு அதை வழங்குவது என்பதை அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

ராணுவத்துக்குப் பதிலாக மருத்துவமனை போன்ற இடங்களில் செய்யும் மாற்றுப் பணி விஷயத்திலும் இதுதான் நடந்தது. அதை ஏற்றவர் சபைக்கு வெளியே, மறுத்தவர் சிறையில். விதியை மாற்றலாம் என்று ஆளும் குழுவில் பெரும்பான்மையினர் வாக்களித்தும், தேவையான மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை என்பதால் விதி அப்படியே நின்றது என்கிறார் ஃப்ரான்ஸ். 1996இல்தான் அதுவும் அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டது. ஏதோ ஒரு மேசையில் ஒன்றிரண்டு கைகள் உயரவில்லை. எங்கோ ஒரு பையன் சிறைக்குப் போனான். புத்தகத்தின் மிக வறண்ட பக்கங்கள் இவை. என்னைத் தூங்கவிடாத பக்கங்களும் இவைதான்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, அது நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது. மனசாட்சிக்காக நீதிமன்றத்தில் இவ்வளவு போராடிய சமயக்குழுக்கள் குறைவு. பள்ளிப் பிள்ளைகளைக் கொடிக்கு வணக்கம் செய்யக் கட்டாயப்படுத்த முடியாது என்ற 1943ஆம் வருடத்து அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சாட்சிகள் தொடுத்த வழக்கில் வந்தது. கேரளத்தில் 1985இல் தேசிய கீதம் பாடும்போது எழுந்து நின்று, ஆனால் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களும் சாட்சிகள். நீதிபதி சின்னப்ப ரெட்டி 1986இல் எழுதிய பிஜோ இம்மானுவேல் தீர்ப்பு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. இன்று தேசபக்தியைக் கட்டாயமாக்கும் பேச்சு வரும்போதெல்லாம் நாம் இந்தத் தீர்ப்பைத்தான் கையில் எடுக்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அரசாங்கம் தன்னை நீக்கியபோது எந்த உரிமையை அந்தச் சமூகம் கேட்டதோ, அதே உரிமையைத் தன் உறுப்பினர் கேட்டால் அவரை நீக்குகிறது. ஃப்ரான்ஸ் சாப்பிட்ட சாப்பாடு அதற்குச் சில வருடங்களுக்கு முன் நடந்திருந்தால் பிரச்சினையே ஆகியிருக்காது. தானாக விலகியவரையும் நீக்கப்பட்டவர் போலவே நடத்த வேண்டும் என்று காவற்கோபுரம் எழுதியது 1981 செப்டம்பரில். நண்பர் விலகியது அதற்கு முன்பே. விதி பின்னால் வந்து நட்பைப் பிடித்துக்கொண்டது.

புத்தகத்தின்மீது எனக்குக் குறையும் உண்டு. தானும் அந்த மேசையில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்ததை ஃப்ரான்ஸ் மறைக்கவில்லை. ஆனால் அவ்வளவு காலம் உட்கார வைத்தது எது என்று கேட்கும்போது பதில் மங்கலாகிறது. மற்றவர்களின் முடிவுகளை ஆவணத்தோடு காட்டுகிறவர், தன்னுடைய தயக்கத்தைப் பொதுவான வார்த்தைகளில் கடந்துவிடுகிறார். அந்த முடிவுகளால் வீட்டுக்குள்ளேயே அந்நியமாகிப்போனவர்கள் பெரும்பாலும் ‘வழக்கு’களாகவே வருகிறார்கள். அம்மாவிடம் பேச முடியாத மகளின் ஒரு மத்தியானம் இதில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கோப்பு அதைச் சொல்லாது. ஒரு நாவல் சொல்லியிருக்கும்.

ஃப்ரான்ஸ் 2010இல் இறந்தார். கடைசிவரை கிறிஸ்தவராகவே இருந்தார். 2024இல் அமைப்பு ‘சபை நீக்கம்’ பற்றிய வழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தியது. நீக்கப்பட்டவர் கூட்டத்துக்கு வந்தால் சுருக்கமாக வரவேற்கலாம். அதை அவரவர் மனசாட்சியே முடிவு செய்யலாம். கொள்கையை எதிர்த்துப் பேசியவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதாவது, ஃப்ரான்ஸ் இன்று உயிரோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் யாரும் “வாங்க” என்று சொல்ல முடியாது.

சாப்பாடு பற்றி அங்கே பேச்சே இல்லை.