பொட்டலத் தாளும் பூட்டிய கதவும்

மளிகைச் சாமான் சுற்றி வந்த தாளை என் அம்மா உடனே எறிந்ததில்லை. பருப்பை டப்பாவில் கொட்டிவிட்டு, தாளை மடியில் வைத்து நீவி, இரண்டு பக்கமும் படிப்பார். ஏதாவது தொடர்கதையின் நடுப்பகுதி இருக்கும். முன்னும் இருக்காது, பின்னும் இருக்காது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தாள் அடுப்புக்குள் போய்விடும். பிறகு அந்தக் கதை எப்படி முடிந்திருக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே சமைப்பார். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் அவர். திருக்கோஷ்டியூரில் எங்கள் வீட்டு அடுப்படியில்தான் என் வாசிப்பு தொடங்கியது.

இதை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் நெகிழ்வார்கள். இப்போது இந்தக் கதையை நானே சந்தேகிக்கிறேன்.

காரணம் வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி. கவிஞர் சல்மாவின் கவிதைகளைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கேட்டாள்: “வீட்டுக்குள்ள அடைச்சு வச்சதாலதானே மேடம் அவங்க இவ்வளவு வாசிச்சாங்க?” கிண்டலாகக் கேட்கவில்லை. துன்பம் வாசகியை உருவாக்கும் என்று உண்மையாகவே நம்பிக் கேட்டாள். அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

சல்மா திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியைச் சேர்ந்தவர். 13 வயதில் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டார். ஊர் நூலகத்தின் ருசி அதற்கு முன்பே அவருக்குத் தெரியும். திருமணத்துக்குப் பின் கணவர் வீட்டில் எழுத்துக்கும் தடை. மளிகை சுற்றி வந்த செய்தித்தாள் துண்டுகளைப் படித்தார். இரவில் கழிப்பறைக்குள் நின்றபடி எழுதினார். அந்தத் தாள்களை வெளியே கொண்டு சேர்த்தவர் அவருடைய தாய். வீட்டாருக்குத் தெரியாமலிருக்க வைத்துக்கொண்ட பெயர்தான் சல்மா. ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ 2000இல் வந்தது. ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல்.

இந்த வரிசையைக் கவனமாகப் பார்த்தால் மாணவியின் கேள்விக்குப் பதில் கிடைக்கும். எழுத்தைக் கொடுத்தது பள்ளி. புத்தகத்தைக் கொடுத்தது பொது நூலகம். பூட்டிய கதவு எதையும் கொடுக்கவில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பறித்தது. நூலக அலமாரியின் முன் நிற்பவள் “இது வேண்டாம், அது வேண்டும்” என்கிறாள். பொட்டலத் தாளுக்குக் காத்திருப்பவளுக்குக் கடைக்காரர் கிழித்த பக்கம்தான் இலக்கியம். அவர் வெளியே வந்ததும் வாசிப்பால் மட்டும் நடந்ததல்ல. 2001இல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது; குடும்பத்துக்கு ஒரு பெண் வேட்பாளர் தேவைப்பட்டார். கதவைத் திறந்தது இடஒதுக்கீடு.

மதத்தின் மீது பழிபோட்டு நாம் தப்பிக்கவும் முடியாது. என் அம்மா வேறு மதம், வேறு சாதி. அதே பொட்டலத் தாள்.

எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. திருக்கோட்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் கேட்க ராமானுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து 18 முறை வந்தார். வெளியே சொன்னால் நரகம் என்ற எச்சரிக்கையை மீறி, கோயிலின் உயரத்தில் ஏறி எல்லோருக்கும் அறிவித்தார் என்பது குருபரம்பரைக் கதை. சிறுவயதில் இதைக் கேட்டு நானும் பூரித்திருக்கிறேன். ஆனால் கேட்பது வேறு, வாசிப்பது வேறு. கேட்பவளுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் சொல்லும் நேரம்தான் இவளுடைய நேரம். வாசிப்பவள் நிறுத்தலாம், திரும்பப் படிக்கலாம், ஒப்புக்கொள்ள மறுக்கலாம். எங்கள் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நிறையக் கேட்டிருக்கிறார்கள். வாசிக்கத்தான் விடப்படவில்லை.

உரத்து வாசித்துப் பலர் கேட்கும் வழக்கத்திலிருந்து தனியே மௌனமாக வாசிக்கும் வழக்கத்துக்குத் தமிழ்ச் சமூகம் நகர்ந்ததை நாவலின் வரவோடு சேர்த்துப் பேசுகிறது ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’. பெண் நிலையிலிருந்து இதை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். உரத்து வாசிப்பவளை வீடு முழுவதும் கண்காணிக்கலாம். மௌனமாக வாசிப்பவளின் மனதுக்குள் யாரும் நுழைய முடியாது. அதனால்தான் கண்காணிப்பு புத்தகத்தின் மீதும் நேரத்தின் மீதும் திரும்புகிறது. “வேலை கெடக்கு, புக்கு என்ன புக்கு?” என்ற அதட்டல் வேலையைப் பற்றியது மட்டுமல்ல.

தடைதான் வாசகியை வளர்க்கும் என்பவர்களுக்கு வை. மு. கோதைநாயகியைக் காட்டுவேன். 1901இல் பிறந்து, குழந்தையாகவே மணமுடிக்கப்பட்டவர். அவருக்குக் கதை சொல்லத் தெரியும், எழுத வராது. முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். கணவர் ஊக்கம் தந்தார். 1925 முதல் ‘ஜகன்மோகினி’ அவர் கையில் இருந்தது. எழுதிய நாவல்கள் 115. இந்த நாவல்களின் தரத்தைப் பற்றி விவாதிக்கலாம். ஆனால் ஒரு தோழியின் கையும் ஒரு வீட்டின் சம்மதமும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த எண்ணிக்கையே சாட்சி. அடைப்பு நல்ல ஆசிரியர் என்றால், தலைமுறை தலைமுறையாக அடைத்து வைக்கப்பட்ட பெண்களில் இருந்து எத்தனை சல்மாக்கள் வந்திருக்க வேண்டும்?

சல்மாவின் நாவலே இதற்குப் பதில் சொல்கிறது என்று நினைக்கிறேன். ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் தனி நாயகி கிடையாது. தடைகளை வென்று புத்தகத்தோடு வெளியேறும் பெண்ணின் வெற்றிக் கதையை அவர் எளிதாக எழுதியிருக்கலாம். அதை வாழ்ந்தவர் அவர். அவர் எழுதியதோ ராபியா, வஹிதா, பிர்தௌஸ் என்று வீடுகளுக்குள்ளேயே இருந்த பெண்களை. தன்னை விதிவிலக்காக நிறுத்திக்கொள்ளாத எழுத்து அது. விதிவிலக்கைக் கொண்டாடும்போது விதியை மறந்துவிடுகிறோம். “அவளால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியவில்லை?” என்று அடுத்த வீட்டுப் பெண்ணைக் கேட்கும் கொடுமை அந்தக் கொண்டாட்டத்திலிருந்துதான் வருகிறது.

ஆகவே வாசிப்பின் மீதான காதலைப் பற்றி எழுதும் மாணவிகளிடம் இப்போது வேறு கேள்விகள் கேட்கிறேன். எந்த இடத்தில் வாசித்தாய்? எந்த நேரத்தில்? அந்த நேரத்தில் உன் வேலையைச் செய்தது யார்? எதை ஒளித்தாய்? கடைசிக் கேள்விக்குத்தான் பதில்கள் நீளமாக வருகின்றன.

இதே கேள்விகளோடு சமீபத்தில் அம்மாவிடமும் உட்கார்ந்தேன். நடுப்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுகளை அவர் கற்பனை செய்ததை நான் எத்தனையோ முறை வியந்து பேசியிருக்கிறேன். அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“நானா முடிவு சொல்லணும்னு எனக்கென்னடி ஆசை? அவுக எழுதுன முடிவப் படிக்கணும்னுதான் இருந்துச்சு” என்றார்.