மேக்: மாற்றத்தின் தடம் அறியும் கருவி

ஒரு நிரல்கோப்பில் செய்யப்படும் சிறு திருத்தம் வேறு எந்தெந்தக் கோப்புகளைப் பாதிக்கும் என்ற கேள்விக்கு, 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய ‘மேக்’ என்னும் கருவி தந்த விடை, அதன் எளிமையாலேயே இன்றும் வியப்பூட்டுகிறது. திருத்திய கோப்பு மீண்டும் தொகுக்கப்படாமல் இருந்ததால், சரியாக இருந்த நிரலிலேயே பிழையைத் தேடி ஃபெல்ட்மனின் சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப்பொழுதை இழந்ததுதான் அதன் பிறப்புக்குக் காரணமாயிற்று. தொகுத்தல் என்பது மனிதர் எழுதிய மூலநிரலை இயந்திரம் இயக்கும் வடிவுக்கு மாற்றுவதாகும்.

மேக்ஃபைல் எனப்படும் கோப்பிலுள்ள ஒவ்வொரு விதியும், உருவாக வேண்டிய கோப்பு, அது சார்ந்திருக்கும் கோப்புகள், உருவாக்கும் கட்டளை ஆகிய மூன்றையே கூறுகிறது. இவற்றிலிருந்து எது எதைச் சார்ந்தது என்ற வலைப்பின்னலை மேக் தானே கட்டியெழுப்பி, தன் மூலங்களைவிடப் பழையதாகிவிட்ட கோப்புகளை மட்டும் உரிய வரிசையில் மீண்டும் உருவாக்குகிறது. நிரலின் பொருளைச் சிறிதும் அறியாமல், கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தை மட்டும் கொண்டு இவ்வளவையும் முடிவு செய்வதே அதன் அழகு.

அந்த அறியாமை குறையாக வெளிப்படுவதும் உண்டு: பல கோப்புகள் பகிரும் தலைப்புக்கோப்பில் ஒரு குறிப்புரையை மாற்றினாலும் அவை அனைத்தும் மறுபடி தொகுக்கப்படும். அதனினும் கேடானது எழுத மறந்த சார்பு. மாற்றம் சென்றடைய வேண்டிய பகுதி அதனால் பழையதாகவே தங்கிவிடும். இதில் மனித நினைவை நம்ப வேண்டியிராதபடி, ஜிசிசி தொகுப்பி, உரிய விருப்பத்தேர்வு தரப்பட்டால், மூலநிரலைத் தொகுக்கும்போதே அது உள்ளிழுக்கும் தலைப்புக்கோப்புகளை மேக் படிக்கும் விதிகளாகவே எழுதித் தருகிறது.