'தோல்' நாவலும் விடிகாலை மில் பஸ்ஸும்

டி. செல்வராஜின் 'தோல்' நாவலுக்கு 2012-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தபோது, நம்ம ஊர்க் கதையாச்சேன்னு உடனே வாங்கினேன். சுமார் 700 பக்கம். 200-ஐத் தாண்டவில்லை. நல்லவர்கள் எல்லாம் ஒரு பக்கம், கெட்டவர்கள் எல்லாம் மறுபக்கம், இது எங்கே போய் முடியும்னு இப்பவே தெரியுதே என்று மூடி வைத்துவிட்டேன். போன மாதம்தான் முழுசாகப் படித்தேன். என் பழைய தீர்ப்பில் பாதி சரி, பாதி தப்பு.

முதலில் சரியான பாதி. சங்கம் கட்ட வருகிற சங்கரன் உயர்சாதிக் குடும்பத்தில் பிறந்தவன். அந்த வீட்டை விட்டுச் சேரிக்கு வருகிறவனுக்கு உள்ளுக்குள் எவ்வளவு தடுமாற்றம் இருந்திருக்கும்? நாவல் அதற்குள் அதிகம் போவதில்லை. அவன் எப்போதும் சரியாகவே பேசுகிறான், சரியாகவே நடக்கிறான். மேடைப் பேச்சு மாதிரி ஓடும் பக்கங்களும் உண்டு. ஜனநாயகப் போராட்டத்தைச் சொல்லும் நாவல் தன் நாயகனைக் கேள்வி கேட்காமல் விடுவது ஒரு குறைதான்.

தப்பான பாதி இது: அந்த அவசரத்தில் நான் தொழிலைக் கவனிக்கவே இல்லை. கதை நடப்பது 1930-களில் தொடங்கி சுதந்திரத்தை ஒட்டிய வருடங்கள் வரையிலான திண்டுக்கல். தோல் பதனிடும் இடத்தை இங்கே தோல் ஷாப்பு என்பார்கள். உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு, மயிர் கழித்து, ஒட்டியிருக்கும் சதையைச் சீவி, அப்புறம் ஆவாரம்பட்டை, கடுக்காய்ச் சாற்றில் பதப்படுத்த வேண்டும். சுண்ணாம்பு ஆட்டுத் தோலுக்கும் ஆள் தோலுக்கும் வித்தியாசம் பார்க்காது. குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள், அதிலும் கிறிஸ்தவர்கள் நிறைய. முன்பணம் வாங்கிய கடன் அவர்களை ஷாப்போடு கட்டிப் போட்டிருந்தது. திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்த செல்வராஜுக்கு இந்த மனிதர்களை நேரில் தெரியும். தலைப்பு எந்தத் தோலைச் சொல்கிறது என்று அவர் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை.

இந்த முறை எனக்குப் பட்ட இன்னொன்று. ஓசேப்பு முதலாளி தரப்பு ஆள்மேல் கை ஓங்கிய சேதி தெருவுக்கு வர நேரமே ஆகவில்லை. ஏன்னா எல்லாரும் ஒரே தெரு, ஒரே கோயில், ஒரே கல்லறைத் தோட்டம். சாதி அவர்களை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்தது. அந்த மூலையில்தான் சங்கம் முளைத்தது. இதை ஆசிரியர் திட்டமிட்டுச் சொன்னாரா தெரியாது, கதை சொல்லிவிடுகிறது. சங்கரனால் மட்டும் வந்த சங்கம் இல்லை அது, தெருவால் வந்த சங்கம்.

எரியோட்டில் விடிகாலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றால் இதன் மறுபக்கம் தெரியும். வேடசந்தூர் சுற்றுவட்டார நூல் மில்களின் பஸ்கள் ஊருக்கு நாலு பேராகப் பொறுக்கிக்கொண்டு போகும். பக்கத்து மெஷினில் நிற்பவர் வேறு ஊர், சில இடங்களில் வேறு மாநிலம். ஷிப்ட் முடிந்ததும் ஆளாளுக்கு ஒரு திசை. விடுதியில் தங்கினால் வாசலில் காவல். அன்றைய முன்பணம் ஆளை முதலிலேயே கட்டியது. பின்னாளில் இந்தப் பகுதி மில்களில் பேசப்பட்ட 'சுமங்கலி' முறையோ, மூணு வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று கடைசியில் கட்டியது. முடிச்சு இடம் மாறியிருக்கிறது, கயிறு அதேதான்.

அப்படியானால் தெரு இல்லாத இடத்தில் சங்கம் வராதா? 2021-ன் தொடக்கத்தில் நம் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அதன் பிறகு தலித் பெண்கள் தலைமை தாங்கும் ஒரு தொழிற்சங்கம் விடாமல் நின்றது. 2022-ல் ஆலை நிர்வாகத்தையும் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் சேர்த்துக் கையெழுத்தான 'திண்டுக்கல் ஒப்பந்தம்', ஆலைக்குள் நடக்கும் பாலியல் தொல்லையைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பயிற்சி பெற்ற பெண் தொழிலாளர்களிடமே கொடுத்தது.

'தோல்' நாவலில் பெண்களுக்கு நடக்கும் அநியாயத்துக்கு ஓசேப்பு கை ஓங்குகிறான், சங்கரன் வழி காட்டுகிறான். இங்கே பெண்களே பேசி, எழுதி, கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். செல்வராஜ் 2019-ல் காலமானார், இதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடுத்த நாவலில் சங்கரனுக்கு வேலை குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

என்னைப் போல பாதியில் வைத்தவர்கள் மறுபடி எடுங்கள். சங்கரன் பேசும்போது கொஞ்சம் வேகமாகப் படிக்கலாம், தப்பில்லை. சுண்ணாம்புக் குழி வரும் இடத்தில் மட்டும் நிதானமாகப் படியுங்கள்.