வாத்தியத்தை விலக்கினால் போதுமா?

சிறுவயதில் கேட்டு மனசில் தங்கிப்போன பாட்டை, பக்கவாத்தியங்களை ஒதுக்கிவிட்டு, ஒரு கிட்டாரோடோ வெறும் சுருதியோடோ மறுபடி பாடிப் பதிவுசெய்வது இன்று தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. அமெரிக்காவில் எம்டிவி 1989இல் ‘அன்ப்ளக்ட்’ நிகழ்ச்சியைத் தொடங்கியபோது அது பெரிய குழுக்களின் சோதனையாக இருந்தது. இப்போது யூடியூபில் பாடும் கல்லூரி மாணவருக்கும் அது கைவந்த உத்தி. இப்பதிவுகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டே வகை. உருகிவிட்டோம் என்பார்கள், அல்லது மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்பார்கள். இரு தரப்பாரும் ஒன்றை மட்டும் கேள்வி இல்லாமல் ஏற்கிறார்கள்: நாம் முதலில் கேட்ட ஒலிப்பதிவே மூலம் என்பதை. புதுச்சேரியில் பிறந்த பாட்டுகளை வைத்துப் பார்த்தால் அது நிற்காது.

‘சின்னஞ்சிறு கிளியே’யை எடுத்துக்கொள்வோம். 1908இல் புதுவைக்கு வந்து பத்தாண்டுகள் தங்கிய பாரதி இங்கே எழுதிய கண்ணன் பாட்டு 1917இல் அவரது அன்பர் நெல்லையப்பரின் முயற்சியால் நூலாயிற்று. இந்தப் பாட்டுக்குப் பாரதி குறித்துவைத்தது பைரவி ராகம், ரூபக தாளம். மாதிரிக்குச் சில ஸ்வர வரிசைகளையும் தந்து, மனம் போனபடி மாற்றிப் பாடும் உரிமையைப் பாடுகிறவருக்கே விட்டுவிட்டார். நம் காதில் இருப்பதோ வேறு. 34 ஆண்டுகள் கழித்து, ‘மணமகள்’ (1951) படத்துக்காக சி.ஆர். சுப்பராமன் அமைத்து, எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடிய ராகமாலிகை அது. கச்சேரித் துக்கடாவாக ஊர் ஊராகப் போனதும் அந்த மெட்டுதான். 1987இல் ‘நீதிக்குத் தண்டனை’யில் எம்.எஸ். விஸ்வநாதன் வேறொரு மெட்டுப் போட்டார். ஸ்வர்ணலதா திரைக்கு அறிமுகமானது அதில்தான். ஆகவே பாட்டை ‘எளிமையாக்கி’ப் பாடுகிறவர் பாரதியை நோக்கிப் போவதில்லை, பெரும்பாலும் சுப்பராமனோடு நின்றுவிடுகிறார். அது குற்றமில்லை. எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். தம்புராவை மட்டும் வைத்துக்கொண்டு பாடினால் இந்த ராகமாலிகை பெரிய பரீட்சை. சரணத்துக்குச் சரணம் ராகம் மாறும்போது, இடையிசை கைகொடுக்காமல், குரல் தனியாகக் கடக்க வேண்டும். சுப்பராமனின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் வெளிப்படும். கிட்டார் வந்தாலோ கதையே வேறு. கார்டுகள் அடியில் ஒலிக்க, ராகமாலிகையில் வரும் காபி ராகத்தின் கமகங்கள் அவற்றுக்கு இணங்கித் தட்டையாகின்றன. கிட்டார் ஒன்றுதானே என்பார்கள். அந்த ஒன்று, மெட்டில் இல்லாத இசைவுக் கட்டுமானத்தையே புதிதாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதைக் குறைத்தல் என்று எப்படிச் சொல்வது?

வெறும் குரலின் மீது பாரதிக்கே தனிப் பற்று இருந்தது. சங்கீத விஷயம் பற்றிய கட்டுரையில் ஹார்மோனியத்தின் மீது அவர் காட்டும் எரிச்சல் பிரசித்தம். புதுவை மாந்தோப்பில் பிறந்த குயில் பாட்டில், மனத்தைப் பறிகொடுத்ததாகக் குயில் சொல்லும் பாட்டுகளின் வரிசையில் அவர் சேர்த்திருப்பது ஏற்றம் இறைப்பவர், நெல் குத்தும் பெண்கள், சுண்ணாம்பு இடிப்பவர்கள் முதலானோரின் பாட்டுகளை. வாத்தியம் இல்லாத பாட்டுக்கு இதைவிட நல்ல முன்னோடி வேண்டியதில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது, அவை சோகத்தால் எளிமையானவை அல்ல. கை வேலையில் இருந்தது, உலக்கையே தாளம் போட்டது. இன்றைய பதிவுகள் முதலில் கழற்றி எறிவது அந்தத் தாளத்தைத்தான். 1915இல் ‘ஞானபாநு’ இதழில் வந்த பாப்பாப் பாட்டு ஓட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் உரியது, அதை இழுத்து இழுத்து, எதிரொலி சேர்த்துப் பாடும்போது குழந்தை காணாமல் போய், குழந்தைப் பருவத்தை நினைத்து ஏங்கும் பெரியவர் மட்டும் மிஞ்சுகிறார். அந்த ஏக்கம் பாட்டிலிருந்து வருவதாகவும் தோன்றவில்லை. புதுச்சேரிக் காட்சிகளோடு தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ (2012) படத்தில் பாம்பே ஜெயஸ்ரீ எழுதிப் பாடிய தாலாட்டு புதிதாகச் செய்தது. ஆனாலும் அடங்கிய குரலும் மெதுவான நடையும் சேர்ந்ததும், என்றோ மடியில் கேட்ட பாட்டுப்போல ஒலிக்கிறது. நடையைத் தாழ்த்தினால் எந்தப் பாட்டும் பழைய பாட்டாகிவிடும் என்றால், அந்த உருக்கத்தை வைத்து ஒரு பதிவை மெச்சுவதில் பொருளில்லை.

கேட்டவருக்குக் காதில் விழுந்த மெட்டுதானே பாட்டு, ஏட்டில் கிடக்கும் ராகக் குறிப்பு யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். சில பாட்டுகளுக்கு இது நூற்றுக்கு நூறு பொருந்தும். புதுவைக்காரரான பாரதிதாசனின் ‘துன்பம் நேர்கையில்’ பாட்டில் தேஷ் ராக மெட்டும் சொல்லும் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிட்டன. ‘ஓர் இரவு’ (1951) படத்திலும் கச்சேரி மேடையிலும் தேஷ்தான். அங்கே மெட்டுவரை உரித்தால் போதும், அதற்குக் கீழே போகத் தேவையில்லை. பாரதி பாட்டு அப்படியில்லை, அதற்குக் கீழே இன்னொரு தளம் எழுத்திலேயே இருக்கிறது. கவிஞர் குறித்த ராகத்தைத்தான் பாட வேண்டுமென்று கட்டாயப்படுத்தலாமா என்ற மறுப்பும் வரும். கட்டாயம் எதுவும் இல்லை. மாற்றிப் பாடச் சொன்னவரே அவர். அவர் எழுத்தின் உரிமையும் 1949இல் சென்னை அரசு வாங்கியபின் எல்லோருக்கும் பொதுவாயிற்று. இவ்வளவு சுதந்திரம் இருந்தும் எல்லோரும் ஒரே 1951 மெட்டையே மெதுவாக்கிக்கொண்டிருப்பதுதான் சலிப்பு.

புதுவையில் பாடிக்கொண்டிருக்கும் இளம் பாடகர்கள் கண்ணன் பாட்டில் ‘சின்னஞ்சிறு கிளியே’ உள்ள பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பைரவி, ரூபகம், கொடுத்திருக்கும் ஸ்வரங்கள், கையால் போடும் தாளம்: இவ்வளவை மட்டும் வைத்து ஒரு பதிவு செய்யட்டும், கிட்டாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.