‘ஃபயர்’ ஒன்றா, இரண்டா?

ஆங்கில ஹைக்கூ போட்டி ஒன்றுக்கு மூன்று வரி அனுப்பியிருந்தேன். “இரண்டாம் வரியில் ஒரு சிலபிள் கூடுதல்” என்ற குறிப்போடு திரும்பி வந்தது. சிக்கல் ‘ஃபயர்’ என்ற சொல்லில். நான் அதை ஒன்று என்று எண்ணியிருந்தேன். நடுவருக்கு அது இரண்டு. அகராதியைப் பார்த்தால் அதுவும் ரெண்டு பக்கமும் பேசுது.

அன்றிலிருந்து வாயில் வருவதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆங்கில எழுத்துப்படி ‘சாக்லேட்’ மூன்று. பேச்சில் பலருக்கும் இரண்டுதான். ‘கம்ஃபர்ட்டபிள்’ லண்டன்காரர் வாயில் பெரும்பாலும் மூன்று, நம்ம வாயில் நான்கு. ‘ஸ்கூல்’ அவர்களுக்கு ஒன்று. என் பாட்டி ‘இஸ்கூலு’ என்பார், மூன்று. அப்படியானால் யார் வாயை வைத்து எண்ணுவது?

5-7-5 என்ற கணக்கே ஆங்கிலத்துக்கு வரும்போது மாறிப்போன ஒன்று. ஜப்பானியர் எண்ணுவது சிலபிளை அல்ல, ‘ஒன்’ எனும் சிறிய ஒலி அலகை. ‘ஹைக்கூ’ ஆங்கிலத்தில் இரண்டு சிலபிள். ஜப்பானியத்தில் ஹ-இ-கு, மூன்று. ஆங்கில ‘ஸ்ட்ரைக்’ ஒரே சிலபிள். ஜப்பானியர் அதையே சு-தொ-ர-இ-கு என்று ஐந்தாகச் சொல்வார்கள். முதல் வரியே முடிந்துவிட்டது! ஆகவே பதினேழு ஆங்கில சிலபிளில் ஜப்பானியக் கவிதையைவிட அதிகச் சரக்கு ஏறிவிடும். கணக்கு சரியாக இருக்கும் பல ஆங்கில ஹைக்கூக்களில் தேவையில்லாத ஓர் அடைமொழி உட்கார்ந்திருப்பது இதனால்தான். இன்று ஆங்கிலத்தில் ஹைக்கூ எழுதும் பலர் இந்த எண்ணிக்கையை விட்டுவிட்டார்கள்.

யாப்பு கொஞ்சம் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. சிலபிளை ‘அசை’ என்று சட்டென்று மொழிபெயர்த்துவிடுகிறோம். ஆனால் ‘கவி’ நமக்கு ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் இரண்டு. ஜப்பானிய அலகுக்கு நம்முடைய மாத்திரைதான் கொஞ்சம் நெருக்கம். இரண்டிலும் குறில் ஒன்று, நெடில் இரண்டு. மெய்க்குத் தொல்காப்பியம் அரை மாத்திரை தருகிறது. சொல் இறுதியில் வரும் ‘ன்’னுக்கு ஜப்பானியர் முழுதாக ஒன்று தருகிறார்கள். ஒவ்வொரு மொழியும் தன் வாய்க்கு ஏற்ற அளவுகோலைச் செய்துகொள்கிறது.

எண்ணுவது வீண் என்று சொல்ல மாட்டேன். விரல் மடக்கி உரக்கப் படித்தபோதுதான் என் வரியில் ஒரு சொல் சும்மா நிற்பது தெரிந்தது. அது ‘ஃபயர்’ இல்லை, அதற்கு முன்னால் இருந்த அடைமொழி. எடுத்துவிட்டேன். இப்போது நடுவர் கணக்கிலும் குறைகிறது, என் கணக்கிலும் குறைகிறது. வரி மட்டும் நன்றாக இருக்கிறது.

அந்தக் குறிப்பில் கவிதை நல்லா இருக்கா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு இன்னும் உறுத்துவது அதுதான்.