நாவலில் இல்லாத கைக்குழந்தை

பனிக்காலத்தில் சின்னப் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துச் சமாளிப்பது எப்படின்னு யாராவது கேட்டால், லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ் இன் த பிக் வுட்ஸ்' (1932) நாவலின் இரண்டாம் அத்தியாயத்தைப் படிக்கச் சொல்வேன். 1870களின் விஸ்கான்சின் காடு, மரவீடு. உள்ளே மேரி, லாரா என்ற இரண்டு சிறுமிகள், கைக்குழந்தை கேரி. கடையில் வாங்கிய பொம்மை ஏராளமாக இருக்கும் வீடு இல்லை அது. லாராவின் பொம்மையே துணி சுற்றிய ஒரு சோளக்கதிர்ச் சக்கைதான்.

பிறகு நாள் முழுக்க என்னதான் செஞ்சாங்க? பரணில் குவித்து வைத்த பூசணிக்காய்கள் மேசை நாற்காலி ஆகின்றன. ஜன்னல் கண்ணாடியில் படிந்த உறைபனியில், தைக்கும்போது விரலில் மாட்டும் சின்ன உலோக மூடியை அழுத்தி வட்டவட்டமாகக் கோலம் போடுகிறார்கள். பனி தானாக வரைந்த படங்களை மட்டும் அவர்கள் கெடுப்பதில்லை. அம்மா காகிதத்தில் பொம்மை வெட்டித் தருகிறாள். வியாழக்கிழமை வெண்ணெய் கடையும் நாள். குளிர்காலப் பாலில் வெண்ணெய் வெளுத்துப்போகும் என்பதால் கேரட்டைத் துருவிப் பாலில் காய்ச்சி, அந்த மஞ்சள் பாலை வடிகட்டிச் சேர்க்கிறாள். மிஞ்சிய கேரட் துருவல் பிள்ளைகளுக்கு.

கவனிச்சுப் பாருங்க, பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டவென்று அம்மா தனியாக நேரம் ஒதுக்குவது அபூர்வம். வேலையின் ஓரத்தில் ஓர் இடம் விட்டுத் தருகிறாள், விளையாட்டு அதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரவில் அப்பா வருகிறார், தலைமயிரைக் கலைத்துக்கொண்டு வெறிநாயாக உறுமித் துரத்துகிறார். கொஞ்ச நேரம்தான். ஆனால் லாராவுக்கு நாளின் உச்சம் அதுதான். நாவலிலும் அதற்குத்தான் வெளிச்சம். காலையிலிருந்து மாலைவரை வீட்டைத் தாங்கியவள் பின்னணிக்குப் போய்விடுகிறாள். இது குழந்தையின் ஞாபகம் செய்யும் அநியாயம், வைல்டர் அதைத் திருத்தாமல் விட்டது நேர்மை என்றுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன்.

'த லாங் விண்டர்' (1940) அந்த நினைப்பைக் கலைத்தது. 1880–81 குளிர்காலம், டகோட்டா பிரதேசத்தின் டி ஸ்மெட் ஊர். பனிப்புயலில் ரயில் நின்றுபோகிறது. எரிக்க நிலக்கரி இல்லை, வைக்கோலை முறுக்கி எரிக்கிறார்கள். காபிக்கொட்டை அரைக்கும் சின்ன இயந்திரத்தில் மாறிமாறிக் கோதுமை அரைக்கிறார்கள். பார்வை இழந்த மேரி மூன்று வயது கிரேஸை மடியில் வைத்துக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருக்கிறாள். விரல் விறைத்துப்போய் அப்பாவால் பிடில் வாசிக்க முடியவில்லை. முதல் நாவலின் குதூகலம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதை வைல்டர் பிசிறில்லாமல் எழுதியிருக்கிறார். அவருடைய நாவல்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

ஆனால் அந்த வீட்டில் நிஜத்தில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். வைல்டர் முன்பே எழுதி, அச்சாகாமல் கிடந்த தன்வரலாறு 'பயனியர் கேர்ள்' 2014இல் விரிவான குறிப்புகளோடு வெளிவந்தது. ஜார்ஜ், மேகி என்ற இளம் தம்பதியும் அவர்களுடைய கைக்குழந்தையும் அந்தக் குளிர்காலத்தை இங்கல்ஸ் குடும்பத்தோடு கழித்தது அதில் இருக்கிறது. ஜார்ஜ் வேலையில் கைகொடுக்காத ஆள் என்ற மனத்தாங்கலும் இருக்கிறது. நாவலில் மூவரும் இல்லை.

நாவலாசிரியருக்கு நீக்கும் உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. நீக்கியதால் கதை இறுகியது என்பதும் உண்மை. தனித்து நிற்கும் ஒரு குடும்பம், எதிரே புயல். என் கேள்வி வேறு. அந்தப் பட்டினியில் மேகிக்குப் பால் சுரந்திருக்குமா? நனைந்த துணிகளை எந்த அடுப்பில் காயவைத்திருப்பார்கள்? ராத்திரி குழந்தை அழுதால் எழுந்தது யார்? ஆறு பேர் கொண்ட குடும்பத்தின் தீரம் பற்றிய கதையில் இதற்கெல்லாம் இடமில்லை. பிறர் வீட்டில், பிறர் கோதுமையில் பிள்ளை வளர்த்த ஒருத்தி இருந்திருந்தால், யாரையும் சார்ந்திராத குடும்பம் என்ற சித்திரம் விரிசல் விட்டிருக்கும்.

முதல் நாவல் அம்மாவின் உழைப்பைப் பின்னணியிலாவது வைத்திருந்தது. கேரட் துருவலில் அது தெரிகிறது. இரண்டாவதில் ஒரு தாயும் குழந்தையும் பின்னணியில்கூட இல்லை. 'த லாங் விண்டர்' இன்னமும் எனக்குப் பிடிச்ச நாவல்தான். ஆனா இப்போ படிக்கும்போது, புயல் ஓயும் பக்கங்களில் ஒரு குழந்தையின் அழுகை கேட்குதான்னு காது தேடுது.